நீதி பேசும் கலை வட்டங்களில் உழைப்பாளிக் கலைஞர்: கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேட்டிருப்பவர் கொட்டாஞ்சேனைக்காரர். தந்தை புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை செய்தவர். மகன் பகலில் ஓர் அச்சகத்தில் பதாகை வெட்டி ஒட்டுகிறார். மற்ற நேரத்தில் படம் வரைகிறார், வீதி நாடகத்தில் நடிக்கிறார். சமூக நீதிக்காகக் குரல் கொடுக்கும் கலைக் குழுக்களின் கூட்டங்களுக்குச் சில காலமாகப் போய்வருகிறார். “எல்லோரும் தோழர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஏணி தூக்க ஆள் தேவையென்றால் என்னைத் தேடுகிறார்கள். மேடையில் ஏற்றினால் அப்பாவின் முதுகுவலியைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். என் படத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது என் தாழ்வு மனப்பான்மையா, அல்லது உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறதா?” என்பது அவருடைய கேள்வி.

உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. கொழும்பில் கண்காட்சிகளுக்கும் நாடகங்களுக்கும் மொழிபெயர்ப்பாளனாகவும் ஒழுங்கமைப்பாளனாகவும் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். ஆனால் உங்களுக்கு நேர்வது வெளிப்படையான அவமதிப்பு அன்று. அவமதிப்பாக இருந்தால் அதை அடையாளம் காண்பதும் எதிர்ப்பதும் எளிது. இங்கே உங்களை மரியாதையோடு வரவேற்கிறார்கள், உங்கள் வாழ்க்கையைக் கவனமாகக் கேட்கிறார்கள், கண்கலங்கவும் செய்கிறார்கள். எது நல்ல படம், எது கண்காட்சிக்குப் போக வேண்டும், பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் உங்களுக்கு நாற்காலி இல்லை. வாழ்க்கைக்குச் சாட்சியாகவும் வேலைக்குக் கையாளாகவும் உங்களை ஏற்றுக்கொள்கிற வட்டம், கலையைப் பற்றி அபிப்பிராயம் உள்ள ஒருவராக உங்களை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறது. பாகுபாடு அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தயக்கத்துக்கு இந்த நகரத்தில் ஒரு வரலாறு உண்டு. இலங்கையின் நவீன ஓவியத்துக்கு அடித்தளமிட்டதாகப் போற்றப்படும் 43 குழு 1943 இல் கொழும்பில் உருவானது. அக்காலக் காலனித்துவ ஓவிய ரசனையை எதிர்த்து எழுந்த குழு அது. அந்த வகையில் அது ஒரு கலகம்தான். ஆனால் கலகக்காரர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பங்களின் பிள்ளைகள். முன்னாள் பிக்குவான மஞ்சுஸ்ரீ போன்றவர்கள் அங்கே விதிவிலக்குகள். குழுவின் உயிர்நாடியாக விளங்கிய புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் 1944 இல் இறந்த பின், அவர் பெயரால் 1953 இல் கறுவாத்தோட்டத்தில் எழுந்த அரங்கும், குழுவின் ஓவியர்களில் ஒருவரான ஹரி பீரிஸின் பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் இயங்கும் சபுமால் நிறுவனமும் இன்றும் நகரத்துக் கலைவாழ்வின் முக்கிய இடங்கள். ஆக, கலையில் புரட்சி செய்தவர்களின் முகவரியும் வசதியானவர்கள் வாழும் கொழும்பு ஏழுதான். கலை என்றால் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. ஜிந்துப்பிட்டியில் தென்னிந்திய நாடகக் குழுக்கள் வந்து ஆடியதும், வடகொழும்புக் கோயில் வீதிகளில் கூத்தும் பாட்டும் நடந்ததும் கலை வரலாறு எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அடிக்குறிப்பாகக்கூடத் தேவைப்படவில்லை.

1990களில் நிலைமை ஓரளவு மாறியது. ஓவியர் சந்திரகுப்த தேனுவரவின் முன்முயற்சியில் 1993 இல் தொடங்கிய விபவி நுண்கலைக் கழகமும், 2000 இல் அமைந்த தீர்த்த சர்வதேசக் கலைஞர் கூட்டமைப்பும், சிங்கள மொழியில் படித்த, கிராமத்திலிருந்தோ நகரத்தின் கீழ் நடுத்தர வர்க்கத்திலிருந்தோ வந்த பலருக்குக் கதவைத் திறந்துவிட்டன. போரும், 1983 இல் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு ஜூலை வன்செயலும், சோதனைச் சாவடியும் கண்காட்சிச் சுவருக்கு வந்தன. தேனுவர 1997 இல் வீதித்தடைப் பீப்பாய்களை ஓவியமாக்கியபோது அதன் பொருளைப் புரிந்துகொள்வதற்கு யாருக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. பொரளையில் அடையாள அட்டையை நீட்டி நின்ற ஒவ்வொரு தமிழருக்கும் அந்தப் பீப்பாய் பழக்கமானது. இந்தத் தலைமுறையின் பங்களிப்பை நான் சற்றும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் கேள்வியின் சிக்கலான முடிச்சும் இந்தத் தலைமுறையிடம்தான் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் கொழும்பின் ஏளனத்தைத் தாண்டி வந்தவர்கள் இவர்களில் பலர். “நானும் கிராமத்திலிருந்து வந்தவன்தான், எனக்கு வர்க்கத் திமிர் எப்படி இருக்கும்?” என்று மனப்பூர்வமாகக் கேட்பார்கள். பல்கலைக்கழகப் பட்டமும் வெளிநாட்டு வதிவிட வாய்ப்புகளும் விரிவுரையாளர் பதவியும் கிடைத்த பின் தங்களுடைய இடம் மாறிவிட்டதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று குறிப்பிட்டது இதைத்தான். வங்கியில் பணமில்லாதவரிடமும் அது சேர்ந்திருக்கலாம். சேர்த்து வைத்திருப்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. முதலாளி வீட்டுப் பிள்ளையைவிட, ஒரு காலத்தில் தானும் ஒதுக்கப்பட்ட கலைஞரிடம் இந்தப் பாகுபாட்டை எடுத்துச் சொல்வது கடினம் என்பது என் அனுபவம். முன்னவர் சங்கடப்படுவார், பின்னவர் கோபப்படுவார்.

தமிழ்ப் பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். கொழும்பில் தமிழ்க் கலை இலக்கியக் கூட்டம் என்றால் பெரும்பாலும் அது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து விடயம். வடக்கிலிருந்து வந்து படித்து உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களின் பேச்சும் ரசனையுமே அங்கே அளவுகோல். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் தமிழும், தேயிலைத் தோட்ட மலையகத்திலிருந்து வந்து செட்டியார் தெருக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் தமிழும் அங்கே நாடகத்தில் சிரிப்பு மூட்டுவதற்குப் பயன்படும். கட்டுரை வாசிப்பதற்குப் பயன்படாது. சாதி இதற்குள் எங்கே இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தப்பு என்னும் பறையை அடிப்பவரைப் போராட்ட ஊர்வலத்தின் முன்னணியில் நிறுத்தி எழுச்சி இசை என்று கைதட்டுகிறவர்கள், அவருடைய தாளக்கட்டுகளைப் பற்றி ஒரு பட்டறை நடத்தும்படி அவரையே கேட்டதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அதற்கு ஒரு விரிவுரையாளரை அழைப்பார்கள். தப்புக்காரர் அவர் பேச்சுக்கு இடையிடையே அடித்துக் காட்டுவார்.

அதேவேளை, நமக்குத் தமிழில் ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே 1966 இல் மல்லிகை இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, பின்னாளில் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து தொடர்ந்து நடத்தினார். 2021 இல் காலமாகும்வரை அவருடைய பெயர் ஈழத்து இலக்கியத்தில் ஒரு நிறுவனத்துக்குச் சமமாக இருந்தது. அவரும் நாவலாசிரியர் கே. டானியலும் அவர்களுடைய தோழர்களும் எழுத வந்தபோது, அது இழிசனர் இலக்கியம் என்று படித்த வட்டாரங்களில் வசைபாடப்பட்டது. அந்த வசைக்கு அவர்கள் தங்கள் துயரத்தைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. பேச்சுவழக்கு இலக்கியத்துக்கு உகந்தது என்ற அழகியல் வாதத்தை முன்வைத்து மோதினார்கள். அதைவிட முக்கியமாக, ஜீவா இதழாசிரியரின் நாற்காலியில் அமர்ந்தார். பேராசிரியர்களும் தங்கள் கட்டுரைகளை அவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எதைப் போடுவது என்று தீர்மானித்தவர் அவர். இன்றைய சமூகநீதிக் கலை வட்டங்களில், ஒரு உழைப்பாளி எதைக் காட்சிப்படுத்துவது என்று தீர்மானிக்கும் நிலையில் இருப்பதை எங்கேயாவது காட்ட முடியுமா என்று நீங்கள் உங்கள் தோழர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, நடைமுறையில் இது எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம்.

கொழும்பின் நடுவே இருக்கும் கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். 2010 மே மாதத்தில் அங்கே மியூஸ் வீதியில் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அதே ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கொழும்பில் தோட்டங்கள் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் முடுக்குகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் தெமட்டகொடை, மட்டக்குளி போன்ற இடங்களில் எழுந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றிப் புகைப்படங்கள், ஆவணப்படங்கள், நிறுவல் கலைகள் என்று நிறையவே வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. அப்படியான ஒரு கண்காட்சியில், இடிக்கப்பட்ட கடைகளின் பெயர்ப் பலகைகளை மீண்டும் எழுதித் தொங்கவிடுவது ஓர் அம்சமாக இருந்தது. எழுதிக் கொடுத்தவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த, பெயர்ப் பலகை எழுதும் ஒரு போர்ட் ஆர்ட்டிஸ்ட். வினைல் அச்சு வந்து தொழில் படுத்த பிறகு வீடுகளுக்கு வர்ணம் பூசி வாழ்ந்துகொண்டிருந்தவர். அவர் வேலையை ஏற்றுக்கொண்டதும் முதலில் செய்த காரியம், கண்காட்சி நடக்கவிருந்த மண்டபத்துக்கு மாலை நேரத்தில் போய், விளக்குகள் எந்தப் பக்கத்திலிருந்து விழுகின்றன என்று பார்த்தது. எழுத்துக்குக் கீழே கொடுக்கும் நிழலை அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப இடப்பக்கம் சாய்த்து எழுதினார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் வரும்போது சிங்கள எழுத்தின் வட்டத்துக்கும் தமிழ் எழுத்தின் கோட்டுக்கும் ஒரே கனம் தெரிய வேண்டுமானால் தூரிகையை எங்கே தளர்த்த வேண்டும் என்பதையும் அவர் எனக்கு விளக்கினார். மண்டபத்தில் இருந்த வேறு எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கண்காட்சி திறந்தபோது சுவரில் இருந்த குறிப்பில் திட்டத்தை வகுத்த கலைஞரின் பெயரும், அதன் கீழே “உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்” என்ற வரியும் இருந்தன. அவரிடம் பேட்டி எடுத்த மாணவி, கொம்பனித்தெருவில் அவருக்கு உறவினர் யாரும் வீடிழந்தார்களா என்று கேட்டார். நிழலைப் பற்றிக் கேட்கவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் கோபுரத்து நீலத்தையும் பஸ்ஸின் பின்புறத்து மஞ்சளையும் பளிச்சென்று பயன்படுத்தினால், ரசனை இன்னும் வளரவில்லை என்பார்கள். கண்காட்சிகளில் பெயர்பெற்ற ஒருவர் அதே நீலத்தையும் மஞ்சளையும் எடுத்தால், வெகுசன அழகியலோடு விமர்சன உரையாடல் நடத்துகிறார் என்று பட்டியல் நூலில் எழுதுவார்கள். இரண்டு படங்களிலும் வர்ணம் ஒன்றே. வித்தியாசம், அந்த வர்ணத்தைத் தள்ளி நின்று பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளும் வசதி ஒருவருக்கு இருப்பதும் மற்றவருக்கு இல்லாததும்தான். 1993 முதல் ஜோர்ஜ் கீற் மன்றம் விகாரமகாதேவிப் பூங்காவின் அருகே ஆண்டுதோறும் நடத்திவரும் கலா பொலவை இந்த வட்டங்கள் எப்படிப் பேசுகின்றன என்று கவனித்திருப்பீர்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் தங்கள் படங்களை வீதியோரத்தில் வைத்து விற்கும் நாள் அது. அங்கே விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் “அது கலா பொல ஓவியம்” என்று உதட்டைச் சுழிப்பவர்களில் பலர், சாதாரண மனிதர் ஒருவர் சம்பளப் பணத்தில் படம் வாங்கும் இடம் கொழும்பில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்ததில்லை.

மலையகத்தைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. 2018 ஒக்டோபர் 24 ஆம் திகதி, தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி, கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டதற்குப் பிந்திய காலம் அது. மலையகம் எல்லா வட்டங்களிலும் பேசுபொருளாகியிருந்தது. தோட்டத்தில் பெண்களைக் கொண்டு நாடகம் போடும் ஒரு பெண்மணி அழைக்கப்பட்டிருந்தார். மலையகத்தின் மரபுக் கூத்தான காமன் கூத்து ஆண்களின் ஆட்டம். அதன் அடவுகளைப் பெண்களின் நாடகத்துக்குள் கொண்டுவரும்போது என்ன நேர்கிறது என்பதைப் பேசவே அவர் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். நெறியாளர் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிப்பீர்கள் என்பது. நான் மொழிபெயர்த்தேன். “அந்தக் கணக்கு வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் இருக்கும். நாடகத்தைப் பற்றிக் கேளுங்கள்” என்றார் அவர். சபை சிரித்தது, நெறியாளரும் சிரித்தார். அடுத்த கேள்வி, லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளின் மலசலகூட வசதி பற்றியதாக இருந்தது. தோட்டத்துச் சம்பளமும் மலசலகூடமும் பேசப்பட வேண்டியவைதான். ஆயிரம் ரூபா என்ற அந்தக் கோரிக்கைகூட 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலமாகத்தான் வர்த்தமானியில் வந்தது. ஆனால் அதே மேடையில் இருந்த மற்ற இரு கலைஞர்களிடம் அவர்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் போன்ற மலையக ஓவியர்கள் இன்று தங்கள் சொந்தப் பெயரோடும் சொந்த வடிவத்தோடும் கவனிக்கப்படுகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களுடைய படங்களின் கோடுகளையும் பொருளையும் பற்றிப் பேசுவதற்கு முன் துயரத்தையே பேசிவிடும் பழக்கம் பார்வையாளரிடம் முற்றாகப் போய்விடவில்லை.

2022 இல் அரசுக்கு எதிராகக் காலிமுகத்திடலில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த போராட்டக்களம் இந்த எல்லைகளைச் சிறிது காலத்துக்குக் குழப்பியது. ஏப்ரல் 9 முதல், ஜூலை 22 அதிகாலையில் இராணுவம் உள்ளே நுழையும்வரை, யார் வேண்டுமானாலும் எழுதினார்கள், வரைந்தார்கள், உருவப்பொம்மை செய்தார்கள். துறைமுகத் தொழிலாளியும் நுண்கலை மாணவரும் ஒரே வர்ணத் தகரத்தில் தூரிகை தோய்த்ததை நானே பார்த்தேன். ஆனால் அந்த அட்டைகளும் பதாகைகளும் பின்னர் புகைப்படங்களாகக் கண்காட்சிகளுக்கு வந்தபோது, படமெடுத்தவரின் பெயர் இருந்தது, தொகுத்தவரின் பெயர் இருந்தது. எழுதியவர் பெரும்பாலும் “போராட்டக்காரர்” என்ற பொதுப் பெயருக்குள் மறைந்துவிட்டார். திடலில் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை என்பது உண்மைதான். தேடிக் கண்டுபிடிக்க முயன்றவர்களும் அதிகமில்லை.

பணத்தைப் பற்றி இந்த வட்டங்களில் பேசுவது அநாகரிகமாகக் கருதப்படுகிறது. நோக்கம் உயர்ந்தது என்பதால் உழைப்பு இலவசமாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அதன் சுமை ஒரே அளவாக விழுவதில்லை. கிழமை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குத் திட்டமிடல் கூட்டம் வைத்தால், அச்சகத்தில் வேலை செய்பவர் அரைநாள் சம்பளத்தை இழக்கிறார். பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர் எதையும் இழப்பதில்லை. வர்ணமும் பலகையும் நீங்கள் கைப்பணத்தில் வாங்கி, பற்றுச்சீட்டுகளைக் கொடுத்து, நிதி வந்ததும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. நிதி வருவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். கொழும்பு நுகர்வோர் விலைகள் 2022 செப்டெம்பரில் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்த காலத்திலும் இந்த விதி மாறவில்லை. அந்த மாதங்களில் பலர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று குழுக்களில் பேசிக்கொண்டார்கள்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை; நீங்களே அறிவீர்கள். அழைப்பிதழில் மூன்று மொழிகளும் இருக்கும், தமிழ் கடைசியில் எழுத்துப் பிழைகளோடு இருக்கும். தெரிவுக் குழு கூடும்போது மொழி ஒன்றுதான். தமிழில் எழுதிய முன்மொழிவை மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது நான் கண்டது, நடுவர்கள் அதில் கலை நோக்கத்தைத் தேடாமல் பின்னணியைத் தேடுகிறார்கள் என்பது. “மிகவும் மனதைத் தொடுகிறது” என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார்கள்.

ஆபத்தும் வர்க்கத்துக்கு ஏற்பவே பங்கிடப்படுகிறது. மன்னாரைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அவருடைய தமிழ்க் கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது; 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சாதாரணக் குடும்பத்திலிருந்து தமிழில் எழுதும் ஒருவருக்கு ஒரு சந்தேகம் எத்தனை ஆண்டுகளை விழுங்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆகவே, துணிச்சலான சுவரோவியம் ஒன்றைச் செய்வோம் என்று கூட்டத்தில் முடிவெடுக்கும்போது, இரவில் வாளியோடு போகிறவர் யார், பொலிஸ் வந்தால் சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுக்கக்கூடியவர் யார் என்று கேட்பதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல உரிமை இல்லை. கைது செய்யப்பட்டால் வேலை போகும் என்ற பயம், அடுத்த மாத வாடகை கட்டுகிறவருக்கு நியாயமான பயம்.

இதற்கெல்லாம் மறுபக்கமாக இன்னொரு பாகுபாடும் உண்டு. அது பாராட்டின் வடிவத்தில் வரும். நீங்கள் என்ன வரைந்தாலும் “அபாரம், உண்மையின் குரல்” என்பார்கள். கைவிரல்கள் சரியாக விழவில்லை, பின்னணி படத்தை விழுங்குகிறது, சென்ற ஆண்டுப் படம் இதைவிடப் பலமாக இருந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். தங்களுக்குள் ஒருவர் படத்தை ஒருவர் கிழித்துத் தொங்கவிடும் அதே ஆட்கள் உங்களிடம் மட்டும் இப்படி மென்மையாக இருந்தால், உங்களைச் சக கலைஞராகக் கருதவில்லை என்றே கொள்ள வேண்டும். ஓவியர் எவருக்கும் கண்டிப்பான பார்வையாளர் ஒருவராவது தேவை. அப்படி ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். அவர் வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் பாதகமில்லை. பழைய போர்ட் ஆர்ட்டிஸ்ட் ஒருவரைவிடக் கோட்டைப் பற்றி உங்களுக்குக் கறாராகச் சொல்லக்கூடியவர் இந்த ஊரில் குறைவு.

வட்டத்தை விட்டு விலகிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மண்டபம் இருக்கிறது, நல்ல நூல்கள் இருக்கின்றன, உண்மையான நட்புகளும் சில கிடைக்கும். ஆனால் அங்கே எந்த நிபந்தனையில் நுழைகிறீர்கள் என்பதை நீங்கள் பேசித் தீர்மானிக்கலாம். அடுத்த முறை பேச அழைத்தால், எதைப் பற்றிப் பேச வேண்டும், எவ்வளவு நேரம், மற்றப் பேச்சாளர்களுக்கு என்ன சன்மானம், எனக்கு என்ன, எந்த மொழியில், மொழிபெயர்ப்பாளர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். “என்னுடைய படங்களைப் பற்றிப் பேசுவதானால் வருகிறேன், அப்பாவைப் பற்றி இந்த முறை பேசமாட்டேன்” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்பாவைப் பற்றி வரைவதும் வரையாமல் விடுவதும் உங்கள் விருப்பம். படகுகளை வரைய விரும்பினால் படகுகளை வரையுங்கள். வேலை ஒன்றைச் செய்து கொடுக்கும்படி கேட்டால், பொருட் செலவை முன்பணமாகக் கேளுங்கள். அது உதவியா, கூட்டுப் படைப்பா, கூலி வேலையா என்பதைத் தூரிகையைத் தொடும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கூலி வேலை என்றால் அதில் இழுக்கு எதுவுமில்லை. அதற்குரிய கூலியை முழுமையாக வாங்கிக்கொண்டு, தோழமை என்ற பெயரில் அதைக் குறைக்க விடாதீர்கள். படைப்பில் தீர்மானங்கள் உங்களுடையவை என்றால் சுவர்க் குறிப்பில் பெயர் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்குப் பொருளாதார உரிமையோடு தார்மீக உரிமையையும் தருகிறது. தன் பெயரைக் குறிப்பிடச் செய்வதும், படைப்பைத் திரித்துப் பயன்படுத்துவதை எதிர்ப்பதும் அதில் அடங்கும். வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் பெயரை மின்னஞ்சலில் ஒரு முறை குறிப்பிட்டாலே சில இடங்களில் பதில் சீக்கிரம் வருகிறது.

தனி ஆளாகக் கேட்பதைவிட மூன்று நான்கு பேராகக் கேட்பது பலன் தரும். உங்களைப் போல அச்சகத்திலும் தையற்கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்துகொண்டு வரைகிறவர்கள், ஆடுகிறவர்கள், எழுதுகிறவர்கள் வடகொழும்பில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் இரவு ஒத்திகைக்கு வருவதற்கு வீட்டோடு போராட வேண்டியிருப்பதால் உங்கள் கண்ணில் படாமலும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் கூடுங்கள். வீதி நாடகத்துக்கு இந்த நாட்டில் பழைய வேர் உண்டு; 1974 அளவில் காமினி ஹத்தொட்டுவேகமவும் அவருடைய குழுவினரும் அரங்கை விட்டு இறங்கி மக்கள் கூடும் இடங்களுக்குப் போனார்கள், வாடகை மண்டபத்துக்குக் காத்திருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் தேவாலய மண்டபங்களும் வாசிகசாலைகளும் தொழிற்சங்க அலுவலகங்களும் இருக்கின்றன, கேட்டால் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு சிறிய கண்காட்சியை நீங்களே தெரிவுசெய்து நடத்துங்கள். எதைத் தொங்கவிடுவது, எதை வேண்டாமென்பது என்று உங்களுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டையை இதுவரை உங்களுக்காக வேறு யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள். கொழும்பு ஏழிலிருக்கும் தோழர்களுக்கும் அழைப்பிதழ் அனுப்புங்கள். தமிழை முதலில் போட்டு, அவர்களுக்காகக் கீழே ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களில் ஓரிருவர் தங்கள் படத்தையும் வைக்க இடம் கேட்டால், தெரிவுக் குழுவுக்கு அனுப்பும்படி சொல்லி, மற்றவர்களுடையதைப் போலவே பார்த்து முடிவெடுங்கள்.